டிரைவர் பக்கக் கதவு

கதவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி பார்த்திபன் கேட்டார். கதவை எப்படிப் பிடித்துத் தூக்குவது, கீலில் எந்த போல்ட்டை முதலில் இறுக்குவது என்பதெல்லாம் சில மாதம் வேலை செய்தால் உங்கள் கைக்கே வந்துவிடும். அதைக் காகிதத்தில் படித்து யாரும் கற்றுக்கொண்டதில்லை. நான் எழுதப்போவது பொறாமையைப் பற்றி. அதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். ஆனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது உங்களுக்கு வந்திருக்கும். நீங்கள் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்த கதவைப் பக்கத்தில் நிற்பவன் வந்து ஒரே தூக்கில் உட்கார வைத்திருப்பான்.

எனக்கு அது வந்தது ரமணய்யாவால். இப்போது உங்களுக்கு மேஸ்திரியாக இருக்கிற அதே ரமணய்யாதான். மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. ‘அவன்’ என்றே எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் வேன் பாடி கட்டும் ஒரு கம்பெனியில் கதவு மாட்டியே என் வயதில் பெரும்பகுதி போய்விட்டது. அங்கே ஓய்வு கொடுத்த மறு மாதமே பார்த்திபனின் ஷெட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் சும்மா உட்கார எனக்குத் தெரியாது. பழைய வண்டிகளைப் பிரித்து மறுபடி புதிதாக்கும் வேலை கம்பெனி வேலை மாதிரி இல்லை. கம்பெனியில் எல்லாக் கதவும் ஒரே அச்சில் வந்தவை. பழைய வண்டியிலோ இடது கதவுக்கும் வலது கதவுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒன்று எங்கேயோ இடித்து நிமிர்த்தியதாக இருக்கும், இன்னொன்று வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியதாக இருக்கும். அதையும் கற்றுக்கொண்டேன். கொஞ்ச காலத்தில், கதவு என்றால் ஏகாம்பரத்தைக் கூப்பிடு என்று ஆகிவிட்டது. அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது ரமணய்யா வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவன் தெலுங்குக்காரன், ஆந்திர எல்லையில் இருக்கும் தடாவிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவான். பஸ் பாடி வேலை செய்தவன், என்னைவிட வயதில் சின்னவன். நான் இடைவெளி பார்ப்பதற்கு ஒரு தகடு வைத்திருக்கிறேன். அதைக் கதவுக்கும் தூணுக்கும் நடுவில் ஒவ்வோர் இடமாக விட்டு அளந்துதான் என் வேலை நடக்கும். அவன் எதையும் அளப்பதில்லை. நடுவிரலை அந்த இடைவெளியின் மேல் வைத்து மேலிருந்து கீழே ஒரு முறை இழுத்துக்கொண்டு வருவான். பிறகு முழங்காலைக் கதவுக்கு அடியில் கொடுத்து லேசாக ஒரு தூக்கு. அவ்வளவுதான் வேலை. வந்த அன்று அவன் சாப்பிடப் போன நேரத்தில் என் தகட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் வைத்த கதவை அளந்து பார்த்தேன். எல்லா இடத்திலும் சமமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். வெல்டர் பார்த்திருக்கிறான்.

அதற்குப் பிறகு அவன் செய்தது எதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் வரை அவன் சட்டையில் ஒரு கிரீஸ் கறை இருக்காது. பக்கத்து உருக்காலைப் புழுதி எங்கள் எல்லோர் தலையிலும் விழும், அவன் தலையில் மட்டும் விழாதது போல் இருக்கும். பார்த்திபன் என்னை எப்போதும் ‘ஏகாண்ணே’ என்பார், மரியாதையாகத்தான். அவனை வந்த சில நாளிலேயே ‘நைனா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்த ‘நைனா’வில் ஒரு செல்லம் இருந்தது. அது என் காதில் போய்க் குத்தும். வீட்டுக்குப் போனால் அவனைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். ஒருநாள் என் மனைவி கஸ்தூரி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அந்த ஆளு பேர சொல்லாம நீ ஒரு வேள சோறு துன்னு பாத்ததில்ல. பேசாம அவன நம்ம ஊட்டுக்கே இட்டாந்துடு. எனக்கும் மூஞ்சி பாத்த மாதிரி இருக்கும்.”

அந்தச் சமயத்தில்தான் கோமதியம்மாவின் பிக்கப் வந்தது. திருவாலங்காட்டுப் பக்கம் அவர்களுக்கு நெல் வயல் இருக்கிறது, நிலத்தை இப்போது அந்த அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். அவருடைய அப்பா வாலிபத்தில் மூட்டை ஏற்றி ஓட்டிய வண்டி அது. முன்பக்கம் வட்ட விளக்கும் உருண்ட மூக்குமாக, தகரக் கொட்டகையில் பல காலம் கோழிகள் அடைந்து கிடந்த வண்டி. அதைப் புதிதாக்கி, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அப்பாவை உட்கார வைத்துப் பெரியபாளையம் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் ஆசை.

பார்த்திபன் வேலையைப் பிரித்தார்.

“நைனா, நீ டிரைவர் சைடு கதவ பாத்துக்க. ஏகாண்ணே, நீங்க இந்தாண்ட சைடு.”

வண்டிக்காரர் வந்ததும் முதலில் திறக்கும் கதவு டிரைவர் பக்கக் கதவு. போட்டோவில் விழுவதும் அதுதான். இந்தப் பக்கக் கதவைச் சும்மா உட்கார்ந்து வருகிறவர்கள்தான் திறப்பார்கள். எனக்கு எது வந்தது என்று ஷெட்டில் எல்லோருக்கும் புரிந்தது.

டிரைவர் பக்கக் கதவு நல்ல நிலையில் இருந்ததால் ரமணய்யா அதைச் சீக்கிரமே மாட்டிவிட்டான். அப்போது கேபின் வெறும் கூடாக இருந்தது. என் கதவின் அடிப்பாகம் முழுக்கத் துருப்பிடித்திருந்தது. அதை வெட்டிப் புதுத் தகடு வைத்து நான் மாட்ட வரும்போது சீட்டு ஏறிவிட்டது, பெட்ரோல் டேங்க்கும் ஏறிவிட்டது. அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் டேங்க் கேபினுக்குள்ளேயே சீட்டுக்குப் பின்னால் இருக்கும், இதிலும் அப்படித்தான். இதை நினைவில் வையுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

என் கதவு மிக நன்றாக உட்கார்ந்தது. மேலும் கீழும் என் தகடு ஒரே மாதிரி போய் வந்தது. அதைப் பார்க்க யாரும் வரவில்லை. ரமணய்யா மட்டும் வந்தான். விரலை இழுத்துப் பார்த்தான், போய்விட்டான்.

சில நாளில் அவன் கதவு கெட ஆரம்பித்தது. அதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். அவன் கதவை அவனைவிட அதிகமாகப் பார்த்தவன் நானாயிற்றே. பின்பக்கம் மேல் மூலையில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது, கீழே கூடிக்கொண்டே போனது. மூடும்போது லாக் சரியான இடத்தில் விழாமல் கொக்கியின் மேல் ஏறி உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவன் கீலைத் தொடவில்லை. கீலை வைத்த விதத்தில் தப்பில்லை என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. தூணில் இருக்கிற லாக் கொக்கியை மட்டும் கொஞ்சம் ஏற்றிச் சரிக்கட்டிவிட்டு ரயிலுக்குப் போவான். காலையில் வந்து பார்த்தால் கதவு மறுபடி மேலே ஏறினது போல் இருக்கும். மறுபடி சரிக்கட்டுவான். அவன் முகம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது.

ஒரு காலையில் நான் ஷெட்டுக்குள் நுழையும்போதே அவன் சத்தம் வாசல் வரை கேட்டது.

“நேத்து போறப்ப கரீட்டா வெச்சுட்டுப் போனேன் சார். இப்ப வந்து பாருங்க, மேல இடிக்குது. புது பெயின்ட்டு பேந்துக்கீது. எந்தக் கதவாவது தானா மேல ஏறுமா?”

“சத்தம் போடாத நைனா. போல்ட்டு லூசா கீதா பாரு” என்றார் பார்த்திபன்.

“லூசு ஆவுற மாதிரி நான் டைட் பண்ண மாட்டேன். யாரோ கைய வெச்சிக்கீறாங்கோ. நான் ரயிலுக்குப் போன அப்பறம் இங்க யார் இருந்தா, அத்த கேளுங்க.”

யார் இருந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். என் கதவு தாமதமாக வந்ததால் அந்த வாரம் முழுக்க அவன் போன பிறகும் நான் இருந்திருக்கிறேன். மெக்கானிக் சேகரும் இருந்திருக்கிறான், ஆனால் அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஏகாண்ணே,” பார்த்திபன் குரலைத் தாழ்த்திக் கேட்டார், “நீங்க எதுனா அந்தக் கதவாண்ட போனீங்களா?”

அதட்டிக் கேட்டிருந்தால் நானும் அதட்டியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். மனதுக்குள் நம்பிவிட்டவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

“நான் இன்னாத்துக்கு அவன் கதவுல கைய வெக்கப்போறேன்? என் வேலைய நான் பாத்துக்கினு கீறேன்.”

“பொய் சொல்லாத அண்ணே,” என்றான் ரமணய்யா. “நான் வந்த அன்னிக்கே என் கதவ நீ அளந்து பாக்கல? வெல்டரு சொன்னான்.”

“அளந்தேன். அளக்கறதும் அவுக்கறதும் ஒண்ணா?”

நான் அந்தக் கதவைத் தொடவில்லை. அது சத்தியம். ஆனால் அது கெட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். அந்த ஆசை என் குரலில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் குரல் தடுமாறியது. நியாயமாக வர வேண்டிய கோபம்கூட முழுசாக வரவில்லை. கேட்டவர்களுக்கு அது மாட்டிக்கொண்டவன் குரலாகத்தான் கேட்டிருக்கும்.

மேலங்கியைக் கழற்றி மேஜையில் போட்டேன். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். யாரும் நிறுத்தவில்லை. கேட் வரை போய்விட்டேன். இவ்வளவு நாள் வேலை செய்த இடமாயிற்றே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

பிக்கப் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. இத்தனை நாளும் அதன் பக்கத்தில் நின்று மூலை மூலையாகப் பார்த்தவனே தவிர, இவ்வளவு தூரத்திலிருந்து நான் பார்த்ததில்லை. பின்னாலிருந்து பார்த்தால் கேபினின் பின்கண்ணாடிக்கும் சரக்குப் பெட்டியின் மேல் விளிம்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். இடது பக்கம் அது நேராக இருந்தது. வலது பக்கம் போகப் போகக் குறுகியது. கேபினின் வலது பின்மூலை தாழ்ந்து, ஒரு தோள் சரிந்த ஆள் மாதிரி அது நின்றிருந்தது.

கம்பெனியில் எனக்கு மேலே ஒரு சூப்பர்வைசர் இருந்தார். கதவு உட்காரவில்லை என்று போய்ச் சொன்னால், “கதவ அடிக்காத. அது உட்கார்ற எடம் ஒழுங்கா கீதா பாரு” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் நானே மறந்திருந்தேன். கேட்டருகே நின்றபோது நினைவுக்கு வந்தது. கதவு ஏறவில்லை. கேபின்தான் இறங்குகிறது.

ஓடிப்போய்க் கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் என் கண்ணை எனக்கே நம்ப முடியவில்லை. அவன் வேலையில் கோணல் தேடிக்கொண்டே இருந்த கண் அது. இப்போது வண்டியே கோணல் என்கிறது. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நின்று பார்த்தேன். உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அதே சரிவு.

சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நான் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? மாட்டிக்கொண்டதும் பழியை வண்டி மேல் தள்ளுகிறான் என்பார்கள். வீட்டுக்குப் போய்விட்டாலோ, ஏகாம்பரம் கதவைக் கெடுத்துவிட்டு ஓடிப்போனான் என்பது என் பெயரோடு தங்கிவிடும். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. அந்த மூலை எதனால் அமுங்குகிறதோ அது நெடுஞ்சாலையில் விட்டுக்கொடுத்தால் அரைகுறையாக மாட்டிய லாக் கழன்று கதவு திறந்துகொள்ளும். ஓட்டப்போவது அந்த அம்மா.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் விஷயம் இதுதான். உன்னைப் பொறாமைக்காரன் என்று ஊரே முடிவு செய்துவிட்ட பிறகு நீ எதையும் வாயால் சொல்லாதே. அவர்களே கண்ணால் பார்க்கும்படி செய்.

திரும்பி உள்ளே போனேன். பெயின்ட் அலமாரியிலிருந்து மஞ்சள் பெயின்ட்டும் ஒரு சின்ன பிரஷ்ஷும் எடுத்து ரமணய்யாவிடம் நீட்டினேன்.

“இத்த புடி. உன் கதவ மொதல்ல கரீட்டா வெய்யி. வெச்சிட்டு, ஒவ்வொரு போல்ட்டு தலயிலயும் கோடு போடு. போல்ட்டு, கீலு, தூணு மூணு மேலயும் ஒரே கோடா இழு. எவனாவது அவுத்தா கோடு ஒடஞ்சிடும். ஒடஞ்சா அது நான்தான், ஒத்துக்கறேன்.”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் வாங்கிக்கொண்டான். போல்ட் போல்ட்டாகக் கோடு போட்டான். பெயின்ட் காயும் வரை யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

“இப்ப சேகரு வண்டிய எடுக்கட்டும்,” என்றேன் பார்த்திபனிடம். “டேங்க்க ரொப்பிட்டு, யார்டுல பள்ளம் மேடு பாத்து நல்லா சுத்தி ஓட்டட்டும். நான் கேட்டாண்டயே நிக்கறேன். வண்டிகிட்டயே வரல.”

“டெய்லி சாயங்காலம் ஓட்டிக்கினுதானே கீறேன்” என்றான் சேகர். “இஞ்சின் டெஸ்டுக்கு.”

ரமணய்யா சட்டென்று திரும்பினான். “எப்ப?”

“நீ ரயிலுக்குப் போன அப்பறம்.”

சேகர் டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஓட்டினான். லாரிகள் திரும்பித் திரும்பிக் குழியாகிப்போன யார்டு அது. சொன்னபடி நான் கேட்டருகே நின்றேன். வண்டி வந்து நின்றதும் எல்லோரும் ஓடினார்கள். ரமணய்யா கதவைத் திறக்கப் போனான். மேல் மூலை பிடித்துக்கொண்டு வரவில்லை, தோளால் இடித்துத்தான் திறந்தான். பிறகு கீல்களுக்கு முன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“கோடு அப்பிடியே கீது சார்.”

அதன் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். “முதலாளி, இங்க வாங்க. நான் நிக்கற எடத்துல நின்னு பாருங்க.”

பார்த்திபன் வந்து நின்று பார்த்தார். எனக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “அடப்பாவிங்களா” என்றார். யாரைச் சொன்னார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு கான்ட்ராக்ட் ஆள் எங்கள் கைக்கு வரும் முன்பே கேபினின் அடிவேலையை முடித்துவிட்டுப் போயிருந்தான். சேகர் வண்டிக்கு அடியில் படுத்து, வலது பின்மூலையைத் தாங்கும் பிராக்கெட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினான். மேலே பூசியிருந்த கறுப்புப் பூச்சு உதிர்ந்தது, ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டது.

“உள்ள ஒண்ணுமே இல்ல சார். துரு மேல தகடு ஒட்டி வெச்சிக்கீறான். அப்பளம்.”

சீட்டு, டேங்க், பெட்ரோல், யார்டின் குழிகள் என்று ஒவ்வொன்றும் அந்த மூலையை இன்னும் கொஞ்சம் அமுக்கியிருக்கின்றன. நான் ரமணய்யாவைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்பான் என்று நின்றேன். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். புது பிராக்கெட் செய்து, கேபினை ஜாக்கி வைத்துத் தூக்கி, வெல்டிங் முடிந்தது. ரமணய்யா லாக் கொக்கியைப் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டுக் கதவை மூடினான். கீலில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. முதல் நாள் அவன் வைத்தது எப்படி இருந்ததோ அப்படியே வந்து உட்கார்ந்தது கதவு. ஷெட்டில் ஒருத்தன் கை தட்டினான்.

பிறகு பார்த்திபன் என் பக்கக் கதவைத் திறந்தார். மூடப் போனால் அது தூணில் இடித்து நின்றது. சரிந்த கேபினுக்குப் பொருத்தமாக நான் அவ்வளவு அழகாக உட்கார வைத்த கதவு. கேபின் நிமிர்ந்ததும் அது கோணல் ஆகிவிட்டது. நான் கண்டுபிடித்துச் சொன்னதால் அவன் கதவு நேரானது, என் கதவு கெட்டது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

ரமணய்யா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“ஒரு கை புடிக்கட்டுமா அண்ணே?”

“வேணா.”

தனியாகவே முயன்றேன். பழைய காலத்துக் கதவு, கெட்டித் தகடு. ஒரு கையால் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் போல்ட்டைத் தளர்த்தப் போனபோது கதவு சரிந்து பெயின்ட்டில் உரசப் பார்த்தது. பார்த்திபன் ஓடிவந்து பிடித்தார்.

“அண்ணே, ரோஷம் பாக்க இது நேரமில்ல. ஞாயித்துக்கெழம அவுங்க கோயிலுக்குக் கெளம்பறாங்க. அவன் புடிக்கட்டும், விடுங்க.”

விட்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். உங்களுக்குப் பிடிக்காத ஆளின் கைதான் அங்கே இருப்பதிலேயே நல்ல கையாக இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டாவது அந்தக் கையை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிக்கு உங்கள் மூஞ்சி தெரியாது.

அவன் கதவைத் தோளில் தாங்கினான், நான் இறுக்கினேன். அவன் முகம் எனக்கு வெகு பக்கத்தில் இருந்தது. “இன்னும் ஒரு முடி அளவு தூக்கணும்” என்றான். அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல். “தூக்கு” என்றேன். தூக்கினான். நான் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருக்கும்போது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் பேசினான்.

“பேஜாரா பூட்ச்சு அண்ணே எனக்கு. உன் கதவு அப்பிடியே நிக்குது, என் கதவு மட்டும் தெனம் மேல ஏறுது. ஊட்ல தூக்கம் இல்ல. உன் கதவ பாத்தாலே வவுறு எரியும்.”

அந்த ஒரு வார்த்தைக்காக அவன் என் மேல் போட்ட பழியைப் பாதி மன்னித்துவிட்டேன். அவனுக்கும் வயிறு எரிந்திருக்கிறது. இவ்வளவு நாள் நான் ஒருத்தன் மட்டும் எரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்ததுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்திருக்கிறது.

மறுநாள் கோமதியம்மா வண்டி பார்க்க வந்தார். அப்பாவையும் கூட்டி வந்திருந்தார். வெள்ளை வேட்டியில் உயரமான மனிதர். கேபினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டிரைவர் பக்கக் கதவின் மேல் சாய்ந்து நின்றுகொண்டு, அந்த வண்டியில் மூட்டை ஏற்றிப்போன சந்தைகளின் பெயரையெல்லாம் சொன்னார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். நான் அவர் கையைப் பார்த்தேன். இடது கை தானாக மேலே வரவில்லை. வலது கையால் அதைத் தூக்கிக் கதவின் மேல் வைத்துக்கொண்டார். எப்போதோ உடம்புக்கு வந்து அந்தப் பக்கம் பலம் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டப்போவது மகள். இவர் உட்காரப்போவது என் பக்கம். என் கதவை அவர் மூட வேண்டியது இடது கையால்.

புது ரப்பர் போட்ட கதவை மூடிப் பார்த்திருக்கிறீர்களா? கதவு எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் புது ரப்பர் அதை வெளியே தள்ளும். ஓங்கிச் சாத்தினால்தான் பிடிக்கும். அன்று சாயங்காலம் ரமணய்யா ரயிலுக்குப் போகும் வரை பொறுத்திருந்தேன். போனதும் என் கதவைச் சுற்றியிருந்த ரப்பரை மெல்லக் கழற்றினேன். அது உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும். காற்று அடைத்துக்கொண்டிருப்பதால்தான் அமுங்க மாட்டேன் என்கிறது. கஸ்தூரியின் கோணி ஊசி ஒன்று என் பையில் இருந்தது. ரப்பரின் உள்பக்கமாக, வெளியே கண்ணில் படாத இடத்தில், விரற்கடைக்கு ஒன்றாகக் குத்திக்கொண்டே வந்தேன். கீல் இருக்கிற பக்கம் கொஞ்சம் நெருக்கமாகக் குத்தினேன். ஒட்டாமல் வழுக்குவதற்காக முகப்பவுடர் தடவி மறுபடி மாட்டினேன். கதவை இரண்டு விரலால் தள்ளிப் பார்த்தேன். போய் ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குடும்பமாக வந்துவிட்டார்கள். மஞ்சள் பூசி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்தார்கள். எல்லோரும் டிரைவர் பக்கம் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ரமணய்யாவை நடுவில் நிறுத்தி எடுத்தார்கள். “இன்னா ஃபினிஷிங், இன்னா ஃபினிஷிங்” என்று ஒருவர் அந்தக் கதவைத் தடவிக்கொண்டே இருந்தார். பிராக்கெட் விஷயத்தைப் பார்த்திபன் அவர்களுக்குச் சொன்னார், என் பெயரையும் சொன்னார். கோமதியம்மா என்னைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். ஆனாலும் அந்தப் போட்டோவில் நான் இல்லை. எரிந்தது. பொறாமை இப்படிப்பட்ட நாளில் லீவு போட்டுவிட்டுப் போகும் என்று நினைக்காதீர்கள்.

பெரியவர் என் பக்கம் வந்து ஏறி உட்கார்ந்தார். மகள் கதவை மூடிவிட வந்தார். “நீ போ, நான் சாத்திக்கறேன்” என்று அவரை அனுப்பிவிட்டார். இடது கையை வலது கையால் எடுத்துக் கதவின் பிடியில் வைத்தார். இழுத்தார். இழுத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, கையின் எடையை விட்டார். கதவு வந்து மூடிக்கொண்டது. அவர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். பிறகு நேராக உட்கார்ந்துகொண்டார். கூட்டத்தில் யாரும் இதைப் பார்க்கவில்லை.

ஒருவன் மட்டும் பார்த்தான். வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது. ரமணய்யா போட்டோக் கூட்டத்தை விட்டுவிட்டு என் பக்கம் வந்தான். பெரியவரிடம் கேட்டுக்கொண்டு கதவைத் திறந்தான், விரலால் தள்ளி மூடினான். மறுபடி திறந்தான், மூடினான். சுற்றிக்கொண்டு போய்த் தன் கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். அதற்கு ஒரு சாத்து வேண்டியிருந்தது. திரும்பி என்னிடம் வந்தான். அப்போது அவன் முகத்தில் இருந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் வந்த நாளிலிருந்து அதை நான் என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“இன்னா பண்ண அண்ணே அந்தக் கதவ?”

“நான் இன்னா பண்ணேன்? நீதானே புடிச்ச.”

“இல்ல, அதுக்கப்பறம் எதுவோ பண்ணிக்கீற.”

“ஒண்ணும் பண்ணல, போ.”

அன்று மத்தியானம் வீட்டில் நான் இரண்டாம் முறை சோறு போடச் சொன்னபோது கஸ்தூரி என்ன விசேஷம் என்று கேட்டாள்.

அதன் பிறகு பல வண்டிகளுக்கு நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கதவு மாட்டினோம். நான் வேலையிலிருந்து நின்ற அன்றுகூட அந்தக் கேள்வியைக் கேட்டான். வருஷப்பிறப்புக்குப் போன் செய்தாலும் கேட்கிறான். நான் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன். கோணி ஊசி, உள்பக்கம், விரற்கடைக்கு ஒன்று. ரமணய்யாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தயவுசெய்து யாரும் இதை அவனுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.